சங்கத் தலைவர்களே, பொலிசார் முன் நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம்

ரொறன்ரோவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இயங்கும் ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில் பரிபாலன சபைகள் ஆகியவற்றின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் நிர்வாக உறுப்பினர்களுக்கும்,



நீங்கள் நல்லெண்ணத்தோடு செய்துவரும் ஒரு காரியத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல். ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஒரு தமிழ் வீட்டில் இரவு நேரத்தில் சண்டை முற்றுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் 911-க்கு அடிக்கிறார். பொலிஸ் கார் வாசலில் வந்து நிற்கிறது. அந்த வீட்டிலிருந்து உங்களுக்கு ஓர் அழைப்பு வருகிறது: "அண்ணை, ஒருக்கா வாங்கோ, பொலிஸ் வந்து நிக்குது, எங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லை." நீங்கள் ஜாக்கெற்றை மாட்டிக்கொண்டு ஓடுகிறீர்கள். பனியும் குளிரும் உங்களை மறிப்பதில்லை. அங்கே போய் உத்தியோகத்தருக்கும் குடும்பத்துக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கத்துக்கும் நீங்களே பேசுகிறீர்கள். ஊர்ச் சனத்துக்குச் செய்யும் தொண்டு என்று நினைத்துத்தான் செய்கிறீர்கள். தயவுசெய்து அதை இனிச் செய்யாதீர்கள்.

நான் ஒன்ராறியோ நீதிமன்றங்களில் தமிழ் உரைபெயர்ப்பாளராகப் பல வருடங்களாக வேலை செய்கிறவள். ஒரு வழக்கு என்னிடம் வந்து சேரும்போது காரியம் பெரும்பாலும் முடிந்துபோயிருக்கும். அந்த முதல் இரவில் யாரோ ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னது, உத்தியோகத்தரின் குறிப்புப் புத்தகத்தில் ஏறி, குற்றப்பத்திரிகைக்குப் போய், வழக்குத்தொடுநரின் கோப்புக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். நீதிமன்றத்தில் நான் வாய் திறக்குமுன் சத்தியம் செய்கிறேன். நான் ஒரு வசனத்தை விழுங்கினால் சட்டத்தரணி எழும்பி மறிக்கலாம். நீதிபதி என்னை நிறுத்தி இன்னொரு முறை சொல்லச் சொல்லலாம். எல்லாம் ஒலிப்பதிவாகிறது. உங்கள் ஊர்க்காரரின் வரவேற்பறையில் அந்த இரவு இவற்றில் ஒன்றுமே இல்லை. ஆனால் வழக்கு முழுவதும் அந்த இரவின் மேல்தான் நிற்கிறது.

அங்கே நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உத்தியோகத்தர் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்கிறார். பதில் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள், அல்லது கணவனின் தம்பி இருக்கிறார். அவள் அழுதபடி, இன்றைக்கு நடந்தது, போன மாதம் நடந்தது, கலியாணம் முடித்து வந்த வருடத்தில் நடந்தது என்று முன்னுக்கும் பின்னுக்குமாகச் சொல்லிக்கொண்டு போகிறாள். நீங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்கிறீர்கள். ஏதோ வாய்த்தர்க்கம், கோபத்தில் தள்ளிவிட்டாராம். உத்தியோகத்தர் எழுதிக்கொள்கிறார், அவளே சொன்னதாக.

ஒரு வருடம் கழித்து அவள் சாட்சி சொல்ல வருகிறாள். இந்த முறை பக்கத்தில் நான் இருக்கிறேன். கழுத்தை நெரித்தார், மூச்சு நின்றுபோனது என்று சொல்கிறாள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பி அந்தப் பழைய வரியை வாசிக்கிறார். அன்றைக்குத் தள்ளினார் என்றுதானே சொன்னீர்கள், கழுத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லையே, அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா? அவர் தன் கட்சிக்காரருக்காகச் செய்யவேண்டியதைச் செய்கிறார், அதில் பிழை இல்லை. அந்தக் கேள்வியைத் தமிழில் அவளுக்குச் சொல்லவேண்டியவள் நான். கழுத்தை நெரித்துத் தாக்குவது 2019-இலிருந்து கனேடியக் குற்றவியல் சட்டத்தில் தனியாகப் பெயர் குறித்து எழுதப்பட்ட குற்றம், பத்து வருடம் வரை சிறை கிடைக்கக்கூடியது. அதை ஒரு "தள்ளுப்பாடு" ஆக்கியது யார் என்று அந்தக் கோப்பில் எங்கும் இருக்காது. உங்கள் பெயர்கூட அதில் இருக்காது.

நீங்கள் வேண்டுமென்று செய்ததாக நான் சொல்லவில்லை. சிலர் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்பதும் நம் எல்லாருக்கும் தெரியும். அதை இப்போதைக்கு விடுவோம். நல்ல மனமுள்ளவரும் அந்த நேரத்தில் சுருக்கித்தான் சொல்வார். கூசும் விசயங்களை மெல்லத் தாண்டிப் போவார். படுக்கையறையில் நடந்ததை, தன் ஊர்ப் பிள்ளையைப் பற்றி, வெள்ளைக்கார உத்தியோகத்தரிடம் உள்ளபடி சொல்ல எந்தச் சங்கத் தலைவருக்கு நாக்கு வரும்? அந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். நாளைக்குக் கோயிலில் உங்கள் மனைவியைக் காணவேண்டியவள் உங்கள் முன்னால் முழுவதையும் சொல்லவே மாட்டாள். நீங்கள் அங்கே வந்து நின்றதுமே வாக்குமூலத்தின் பாதி போய்விடுகிறது.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். நீங்கள் போய்ச் சேருமுன் பல வீடுகளில் இந்த வேலையைச் செய்வது பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அம்மாவுக்கு அப்பா எங்கே அடித்தார் என்று அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு நிற்கிறது. அதைச் சொன்னதற்காக அப்பா வீட்டை விட்டுப் போகவேண்டி வந்தது என்ற எண்ணத்தைச் சுமந்துகொண்டு அது வளர்கிறது. இதைவிட நான் வந்து நிற்பது பரவாயில்லைத்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். பிள்ளையும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்.

"அப்ப யார் கதைக்கிறது?" இதுதான் உங்கள் அடுத்த கேள்வி, நியாயமான கேள்வி. ரொறன்ரோவில் 911-க்கு அடித்து, ஆங்கிலம் தெரியாவிட்டால் "தமிழ்" என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும். அழைப்பை எடுப்பவர் தொலைபேசி உரைபெயர்ப்புச் சேவையில் ஒருவரை இணைத்துக்கொள்வார். நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளுக்கு இரவு பகலாக அந்த ஏற்பாடு உண்டு, தமிழும் அதில் இருக்கிறது. வீட்டுக்கு வரும் உத்தியோகத்தரும் தொலைபேசி வழியாக உரைபெயர்ப்பாளரைப் பெறலாம். ஆனால் அதற்கு நேரம் எடுக்கும். எதிரில் ஆங்கிலம் தெரிந்த, கண்ணியமான ஓர் ஆள் "நான் சொல்லுறன்" என்று வந்து நின்றால் உத்தியோகத்தர் ஏன் மினக்கெடப் போகிறார்? அவருக்கு அடுத்த அழைப்பு காத்திருக்கிறது. உரைபெயர்ப்பாளர் வராமல் போவதற்குப் பல வீடுகளில் காரணம் பொலிசாரின் அலட்சியம் மட்டுமல்ல, நம்முடைய உபகாரமும்தான்.

சட்டமும் அந்த இடத்தில் நமக்குத் துணைக்கு வராது. 1982-இல் வந்த கனேடிய உரிமைகள் சாசனத்தின் 14-ஆம் பிரிவு, வழக்கு நடவடிக்கையில் மொழி விளங்காத தரப்பினருக்கும் சாட்சிக்கும் உரைபெயர்ப்பாளர் பெறும் உரிமையைத் தருகிறது. 1994-இல் ஒரு வியட்நாமியரின் வழக்கில் கனேடிய உயர் நீதிமன்றம் அந்த உரிமைக்கு அளவுகோலும் வைத்தது. உரைபெயர்ப்பு இடைவிடாமல், துல்லியமாக, பக்கச்சார்பின்றி, தகுதியுள்ளவரால், பேசப்படும் அந்த நேரத்திலேயே நடக்கவேண்டும் என்றது. அந்த வழக்கில் உரைபெயர்ப்பாளரே சாட்சியும் சொன்னார், கேட்டதையும் சொன்னதையும் சுருக்கமாகத்தான் மொழிபெயர்த்தார். அதனால் புதிதாக விசாரணை நடத்தும்படி தீர்ப்பாயிற்று. சுருக்கிச் சொன்னதற்காக ஒரு வழக்கையே திரும்ப நடத்த வைத்த நாடு இது. ஆனால் அந்த அளவுகோல் நீதிமன்ற வாசலோடு நின்றுவிடுகிறது. சாசனத்தின் அந்தப் பிரிவு வரவேற்பறைக்கு வருவதில்லை. அங்கே நல்ல வழக்கம் ஒன்று இருந்தால் காப்பாற்றும், இல்லாவிட்டால் இல்லை. அந்த வழக்கத்தை நாம்தான் உண்டாக்க வேண்டியிருக்கிறது.

"பொலிஸ் வந்தால் குடும்பம் பிரிஞ்சு போகும், நாங்கள் கொஞ்சம் மெதுவாகச் சொல்லி வீட்டைக் காப்பாற்றப் பார்க்கிறம்." இதை நீங்கள் மனதாரச் சொல்கிறீர்கள் என்பதை அறிவேன். உங்கள் பயத்துக்குக் காரணமும் உண்டு. 1980-களிலிருந்து இந்த நாட்டில் குடும்ப வன்முறை முறைப்பாடுகளில், குற்றம் நடந்ததாக நம்பப் போதிய காரணம் இருந்தால் பொலிசார் குற்றம் சாட்டவேண்டும் என்பதே நடைமுறை. மனைவி வேண்டாம் என்றாலும் கைவிட முடியாது. வழக்கைக் கைவிடும் அதிகாரம் வழக்குத்தொடுநரிடம் மட்டுமே. அன்றிரவே கணவன் வீட்டை விட்டுப் போகவேண்டி வரலாம். வாடகை, வேலை, பிள்ளைகள், ஊருக்கு அனுப்பும் காசு எல்லாம் ஒரே நாளில் ஆட்டம் காணும். இந்தக் கொள்கை நம்முடைய பெண்களுக்கு முழுக்க நன்மைதான் செய்கிறது என்று நானும் சொல்லமாட்டேன்.

ஆனால் உங்கள் மெதுவான பேச்சால் அது நிற்கிறதா? கன்னம் வீங்கியிருக்கிறது, பிள்ளை அழுகிறது, கண்ணாடி உடைந்து கிடக்கிறது. நீங்கள் என்ன சொன்னாலும் குற்றச்சாட்டு வரத்தான் போகிறது. உங்கள் பேச்சால் மாறுவது அதன் கனம் மட்டுமே. அந்த ஆள் எவ்வளவு ஆபத்தானவர் என்று அடுத்த நாள் பிணைக்காகப் பார்க்கும் நீதிபதிக்குத் தெரியாமல் போகிறது. இன்னொன்றும் நடக்கிறது. கணவனுக்கு ஆங்கிலம் நன்றாக வரும், மனைவிக்கு வராது. அவன் தன் கையில் இருக்கும் நகக்கீறலைக் காட்டி, இவள்தான் முதலில் அடித்தாள் என்கிறான். அவளால் அதை மறுத்துச் சொல்ல முடிவதில்லை. தன்னைக் காத்துக்கொள்ளக் கை நீட்டியவளும் குற்றவாளி ஆகிறாள். வதிவிட அனுமதி இன்னும் உறுதியாகாத பெண்ணுக்கு அந்த ஒரு குற்றச்சாட்டு என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சரி, ஆண்களின் பக்கத்துக்கு வருவோம். உங்கள் சங்கத்தில் பெரும்பாலும் அவர்கள்தானே நிர்வாகம்! கைது செய்யப்படுபவருக்குக் காரணத்தைச் சொல்லவேண்டும், சட்டத்தரணியோடு பேசும் உரிமை உண்டு என்று சொல்லவேண்டும். இது சாசனத்தின் 10-ஆம் பிரிவு. அவருக்கு மொழி விளங்கவில்லை என்று தெரிந்தால் ஆங்கிலத்தில் ஒப்புவித்துவிட்டுப் போவது போதாது என்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் பிரெஞ்சு பேசும் ஒருவரின் வழக்கில் 1987-லேயே சொல்லிவிட்டது. நம்மவர் என்ன செய்கிறார்? உத்தியோகத்தர் வாசிக்க வாசிக்க மரியாதைக்குத் தலையை ஆட்டுகிறார். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்காக ஆட்டும் அந்தத் தலை, எல்லாம் விளங்கியது என்று குறிப்பில் ஏறுகிறது. பிறகு பேசாமல் இருக்கும் உரிமை தனக்கு இருப்பது தெரியாமல், பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லவேண்டும் என்று வளர்ந்த மனிதர், கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறார்.

வெளியே விடும்போது ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குகிறார்கள். மனைவியோடு நேரடியாகவோ பிறர் மூலமாகவோ தொடர்பு கொள்ளக்கூடாது, வீட்டுக்கு இத்தனை மீற்றருக்குள் போகக்கூடாது என்று அதில் ஆங்கிலத்தில் இருக்கும். இரண்டு நாளில் அவளே அழைக்கிறாள், பிள்ளைக்குக் காய்ச்சல். அவர் ஓடிப் போகிறார். நிபந்தனையை மீறியது தனிக் குற்றம். முதல் வழக்கில் ஒருவேளை தப்பியிருக்கக்கூடியவர் இரண்டாவதில் மாட்டிக்கொள்கிறார். "அவள்தானே வரச் சொன்னவள்" என்று நீதிமன்றத்தில் கேட்டுக்கொண்டு நிற்கும் ஆண்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அந்தத் தாளை ஒருவர் நிதானமாகத் தமிழில் வாசித்துக் காட்டியிருந்தால் போதும். காவலில் இருப்பவர் கேட்டால் சட்ட உதவிச் சேவையின் கடமைச் சட்டத்தரணியோடு எந்த நேரமும் தொலைபேசியில் பேசலாம், அதற்கும் உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம். கேட்கவேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லி வைக்கவில்லை.

முதியவர்களின் கதை இதைவிடச் சத்தமில்லாதது. மகன் கூப்பிட்டு எடுத்த தாய். பெற்றோரைப் பொறுப்பெடுப்பவர் இருபது வருடம் அவர்களைப் பராமரிப்பதாக அரசுக்கு எழுதிக் கொடுக்கிறார். முதியோர் ஓய்வூதியம் கிடைக்க அவள் இங்கே குறைந்தது பத்து வருடம் வாழ்ந்திருக்கவேண்டும். அதுவரை கையில் ஒரு டொலருக்கும் மகனைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். பத்து வருடம் கழித்து வரும் காசும், மகனின் பெயரையும் சேர்த்துத் திறந்த கணக்குக்கே போகிறது. அந்த வீட்டில் அவளுக்கு ஏதும் நடந்தால், வைத்தியரிடமும் வங்கியிலும் பொலிசிலும் அவளுக்காகப் பேசுபவர் யார்? அதே மகன்தான். நீங்கள் போனாலும் முதலில் கதைப்பது அவரோடுதான். உங்கள் கோடை ஒன்றுகூடலுக்கு அனுசரணை வழங்குகிறவராகவும் அவர் இருக்கலாம்.

பக்கச் சார்புள்ளவர் நடுவில் நின்று மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தரவேண்டியதில்லை. நாம் எங்கிருந்து வந்தோம்? 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது, ஒரு தமிழன் பொலிஸ் நிலையத்தில் என்ன ஆவான் என்று நம் தகப்பன்மார் எச்சரித்தார்கள். 1979-இன் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரிக்குக் கொடுத்த வாக்குமூலத்தையே சான்றாக ஏற்கச் செய்தது. 1993-இல் மட்டக்களப்புப் பக்கம் கைதான ஓர் இளைஞருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அவருடைய வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. கீழே பெருவிரல் அடையாளம். இடையில் நின்று மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள். அந்தத் தாளின் பலத்தில் 1995-இல் அவருக்கு 50 வருடச் சிறை, மேன்முறையீட்டில் 35 ஆகக் குறைந்தது. வெளியாளான உரைபெயர்ப்பாளர் இல்லாமல் எடுத்த அந்த வாக்குமூலத்தை நம்பித் தண்டித்தது நியாயமான விசாரணை ஆகாது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004-இல் முடிவு சொன்னது. இலங்கை உயர் நீதிமன்றம் 2006-இல் அதை ஏற்க மறுத்தது. இந்த வழக்கைப் பற்றி மேடை போட்டுப் பேசியவர்கள் நம்மிடையே உண்டு. அப்படிப் பேசிய நாமே இங்கே, பக்கச் சார்புள்ள ஓர் ஆளை நடுவில் நிறுத்தி வாக்குமூலம் எழுத விடுகிறோமே, எப்படி?

இதே காரணத்தால் தமிழ் பேசும் பொலிஸ் உத்தியோகத்தர் வந்துவிட்டால் எல்லாம் சரி என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். நம் பிள்ளைகள் பொலிசில் சேர்வது நல்லது. இலங்கையில் பிறந்த நிஷான் துரையப்பா 2019-இல் பீல் பிராந்தியத்தின் பொலிஸ் தலைவர் ஆனபோது நாம் மகிழ்ந்ததும் சரிதான். ஆனால் வழக்கை விசாரிப்பவரும் மொழிபெயர்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. அது அவருக்கும் சங்கடம்.

மக்கள் பொலிசுக்குப் போகாமல் உங்களிடம் வருவதற்கு மொழி மட்டும் காரணமல்ல, விசாவும் காரணம். 2010-இல் 492 பேரோடு கனடாவுக்கு வந்த சன் சீ அகதிக் கப்பலில் இருந்தவர்களில் ஒருவர், அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட பின் காணாமல் போனார். நாடுகடத்தலுக்குப் பயந்து எங்கோ ஒளிந்திருக்கிறார் என்று குடும்பம் நினைத்தது. அவரைக் காணவில்லை என்று பொலிசில் முறையிட ஒருவரும் போகவில்லை. 2018-இல் தொடர் கொலையாளி புறூஸ் மக்ஆர்தர் கைதான பிறகுதான் அவர் கொலையுண்டது தெரியவந்தது. அந்த ஆளின் கையில் இறந்த எட்டுப் பேரில் இருவர் நம்மவர். ரொறன்ரோவில் காணாமல் போனவர்கள் பற்றிய விசாரணைகளை ஆராய்ந்த முன்னாள் நீதிபதி குளோரியா எப்ஸ்ரீனின் அறிக்கை 2021-இல் 151 பரிந்துரைகளோடு வந்தது. பொலிசுக்கும் விளிம்பில் வாழும் சமூகங்களுக்கும் இடையே இருந்த நம்பிக்கையின்மை அந்த அறிக்கையின் முக்கியமான சங்கதிகளில் ஒன்று. நம் சங்கங்களில் எத்தனை அதைப் பற்றி ஒரு கூட்டமாவது வைத்தன?

முறைப்பாடு செய்பவரிடமும் சாட்சியிடமும் தகுந்த காரணமின்றிக் குடிவரவு நிலையைக் கேட்கக்கூடாது என்ற கொள்கை ரொறன்ரோ பொலிசுக்கு 2006-இலிருந்து உண்டு. இதை உங்கள் ஆட்களுக்குச் சொல்லுங்கள். கூடவே உண்மையின் மறுபாதியையும் சொல்லுங்கள். கேட்காமல் இருக்கவேண்டும் என்றதே தவிர, தெரிய வந்ததை எல்லைச் சேவைகளுக்குச் சொல்லக்கூடாது என்று அந்தக் கொள்கை தடுக்கவில்லை. அதனால் விசாச் சிக்கல் உள்ளவர் முதலில் சட்டத்தரணி ஒருவரோடு பேசுவது நல்லது. அரைகுறைத் தைரியம் கொடுத்து அனுப்புவதும் பாவம்.

உயிர் போகும் விசயமா இது என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள். 2007 ஒக்ரோபரில் வன்கூவர் விமான நிலையத்தில், போலந்திலிருந்து தாயிடம் வந்த ஒருவர் பல மணி நேரம் வழி தெரியாமல் அலைந்து, யாரோடும் பேச மொழியின்றிப் பதற்றமானார். வந்த பொலிசார் மின்னதிர்ச்சிக் கருவியைப் பிரயோகித்தார்கள், அங்கேயே இறந்துபோனார். 2015 பெப்ரவரியில் அமெரிக்காவின் அலபாமாவில், பேரப்பிள்ளையைப் பார்க்க மகனிடம் வந்த 57 வயதுக் குஜராத்தியர் காலையில் தெருவில் நடந்து போனார். சந்தேகத்துக்குரிய ஆள் என்று யாரோ அறிவித்தார்கள். தனக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்லப் பார்த்தவரைப் பொலிஸ்காரர் நிலத்தில் வீழ்த்தினார், உடலின் ஒரு பகுதி இயங்காமல் போனது. சுப்பர் விசாவில் வந்து, காலையில் கம்பளித் தொப்பியோடு நெய்ல்சன் வீதியில் நடக்கப் போகும் உங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

இனி நான் கேட்பதற்கு வருகிறேன். உங்களால் முடியாததை நான் கேட்கவில்லை. 2009 மே மாதத்தில் இலங்கைப் போரை நிறுத்தக் கேட்டு ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் குழந்தைகளோடு போய் உட்கார்ந்த சமூகம் இது. தை மாதத்தை மரபுத் திங்களாக ஒன்ராறியோ சட்டமன்றத்தையும், பிறகு 2016-இல் கனேடிய நாடாளுமன்றத்தையும் ஏற்க வைத்தீர்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கு மில்லியன் கணக்கில் சேர்த்தீர்கள். தமிழுக்கு இருக்கை எடுத்துக் கொடுத்த நீங்கள், இரவில் வாசலில் நின்று நடுங்கும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்குத் தமிழில் ஒரு வாக்குமூலம் எடுத்துக் கொடுக்க மாட்டீர்களா?

முதலாவது, அழைப்பு வந்தால் போங்கள். போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளைத் தூக்கி வைத்திருங்கள், தேத்தண்ணி போட்டுக் கொடுங்கள், பக்கத்தில் இருங்கள். ஆனால் உத்தியோகத்தரிடம் ஆங்கிலத்தில் ஒரேயொரு விசயம் மட்டும் சொல்லுங்கள்: "நான் இந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தவன், மொழிபெயர்க்க மாட்டேன், தமிழ் உரைபெயர்ப்பாளரை அழையுங்கள், வரும்வரை இவர்கள் காத்திருப்பார்கள்." அவர் வற்புறுத்தினாலும் மாறாதீர்கள். அவருடைய பெயரையும் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இந்தக் கோடையில் மோர்னிங்சைட் பூங்காவிலும் மற்றப் பூங்காக்களிலும் நீங்கள் நடத்தும் ஒன்றுகூடல்களில், கயிறிழுத்தலுக்கும் கொத்துரொட்டிக்கும் நடுவில் கொஞ்ச நேரம் இதற்கு ஒதுக்குங்கள். 911-க்கு அடித்து மொழியின் பெயரைச் சொல்வது எப்படி, உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பது எப்படி என்று வயதானவர்களைச் சொல்லிப் பார்க்க வையுங்கள். விளங்காத தாளில் கையொப்பம் வைக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். கோயில்களில் பெண்கள் பகுதியில், ஆண்கள் கண் படாத இடத்தில், தாக்கப்பட்ட பெண்களுக்கான உதவித் தொலைபேசியின் இலக்கத்தை ஒட்டி வையுங்கள்: 1-866-863-0511. அங்கே எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். குடும்ப வன்முறைக்கும் பாலியல் வன்முறைக்கும் ஆளானவர்களுக்கு மாகாண அரசின் செலவில் இலவச உரைபெயர்ப்புச் சேவை உண்டு என்பதையும் எழுதி வையுங்கள். பரிபாலன சபைத் தலைவர்களே, நன்கொடையாளர் பெயர்ப் பலகைக்கு இருக்கும் சுவரில் இதற்கும் ஒரு மூலை கிடைக்கும்.

மூன்றாவதுக்குத்தான் நீங்கள் சங்கமாக வேண்டும், தனி ஆளாக என்னால் முடியாதது. ரொறன்ரோ பொலிசுக்கு மேலே குடிமக்கள் சபை ஒன்று இருக்கிறது. மேயருக்கும் அதில் இடம் உண்டு. அதன் கூட்டங்கள் பொதுவில் நடக்கின்றன, பதிவு செய்துகொண்டு யாரும் போய்ப் பேசலாம். யோர்க், பீல், டூரம் பிராந்தியங்களுக்கும் அப்படியே தனித்தனிச் சபைகள். 2024 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து இவை எல்லாம் ஒன்ராறியோவின் புதிய சமூகப் பாதுகாப்பு மற்றும் பொலிஸ் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. அங்கே போய், குடும்ப வன்முறையிலும் முதியோர் துன்புறுத்தலிலும் உறவினரையும் தெரிந்தவரையும் பிள்ளைகளையும் கொண்டு மொழிபெயர்ப்பிக்கக் கூடாது என்று எழுத்தில் விதி கேளுங்கள். உயிராபத்தைத் தடுக்கும் முதல் நிமிடங்களுக்கு மட்டும் விலக்கு இருக்கட்டும். வாக்குமூலம் முதலில் தமிழிலேயே ஒலிப்பதிவாகவேண்டும், ஆங்கிலச் சுருக்கம் அதற்குப் பிறகு வரட்டும் என்று கேளுங்கள். யார் மொழிபெயர்த்தார் என்பது குறிப்பில் இருக்கவேண்டும். விடுவிக்கும் நிபந்தனைகளைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பம் வாங்கவேண்டும். இதில் தமிழருக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. மண்டரின் பேசும் பாட்டிக்கும், டாரி பேசும் அகதிக்கும், உருது பேசும் மருமகளுக்கும் இதே விதிதான் வேண்டும். அவர்களுடைய சங்கங்களையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

ஒவ்வொரு சங்கமும் தன் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக எடுக்கட்டும். யார் போய்ப் பேசுவது என்று இருவரின் பெயரைக் குறியுங்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். மனுவை ஆங்கிலத்தில் எழுதித் தருவதற்கு நான் ஆயத்தம். என்னைப் போன்ற உரைபெயர்ப்பாளர்கள் வேறு சிலரும் வருவார்கள். வேலைநாட் பகலில்தான் பெரும்பாலும் கூட்டம் வரும், லீவு எடுக்கவேண்டியிருக்கும். ஊர் விளையாட்டுப் போட்டிக்கு எடுப்பதைப் போல இதற்கும் ஒரு நாள் எடுங்கள்.

அன்புடனும் உரிமையுடனும்,
உங்களில் ஒருத்தி